பன்னிரண்டு முப்பத்து மூன்று

பேராசிரியை ஹெப்சிபாவிடம் வானியல் படிக்க வந்த இருபத்து மூன்று பேரில் ஒருவர் அவரைவிட இருபத்தேழு வயது மூத்தவர்.

பெயர் நல்லபெருமாள். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் 'வானியல் அறிமுகம்' என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்கினார்கள். வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். விண்ணப்பம் கொடுத்தவர்களில் முதல் ஆள் அவர்தான்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர் அவர். பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஒரு தாள்கூட வீட்டில் கிடையாது. இடம் கிடைத்த அன்றே கடைக்குப் போய் ஒரு கண்ணாடிச் சட்டம் வாங்கி, கூடத்தில் ஆணி அடித்து, வெறுமனே மாட்டி வைத்தார்.

"உள்ள ஒண்ணையும் காணோமே" என்றாள் மனைவி பேச்சியம்மாள்.

"மே மாசம் வரும்" என்றார் நல்லபெருமாள்.

முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் தொலைநோக்கி எங்கே என்று தேடினார்கள். ஹெப்சிபா ஆளுக்கொரு மரப்பலகை, ஓர் அடி நீளக் கம்பி, ஒரு நோட்டு, ஒரு பென்சில் கொடுத்தார்.

"பலகையைச் சமமா வைங்க. நடுவுல கம்பியை நேரா நட்டு, அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. காலையில நிழலோட நுனி வட்டத்துக்குள்ள வரும். மத்தியானத்துக்கு மேல வெளிய போகும். ரெண்டு நேரத்தையும் எழுதுங்க. ரெண்டுக்கும் நட்டநடுவுலதான் உச்சி. அதையும் எழுதுங்க."

"எத்தனை நாளைக்கு மேடம்?"

"வெயில் அடிக்கிற நாளெல்லாம்."

"பேனாவில எழுதலாமா?"

"பென்சில்ல எழுதுங்க. வேர்வை பட்டாலும் கலையாது. ஆனா ஒரு விதி. எழுதினதை அழிக்கக் கூடாது. அழிச்சவங்க இந்தப் பாடத்துல தேற முடியாது."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நல்லபெருமாள் சிரிக்கவில்லை.

"உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "நம்ம வேலைதான்."

வீட்டு மொட்டைமாடியில் பலகையை வைத்தார். அடுத்த வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிப் பலகையைச் சமப்படுத்தினார். தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கம்பியை நேராக்கினார். பணியில் இருந்தபோது கட்டிய அதே கைக்கடிகாரம். தினமும் காலையில் வானொலி நேரத்தோடு சரிபார்ப்பார். நிழல் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நின்றுவிடுவார்.

முதல் நாள் உச்சி பன்னிரண்டு முப்பத்திரண்டு.

மறுநாள் பன்னிரண்டு முப்பத்திரண்டு. ஒரு வாரம் கழித்து பன்னிரண்டு முப்பத்து மூன்று. அதன்பின் அசையவே இல்லை.

வகுப்புக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. அதில் மற்றவர்கள் தங்கள் கணக்கைப் போட்டார்கள். ஒருவருக்குப் பன்னிரண்டு மணி. இன்னொருவருக்குப் பன்னிரண்டு ஒன்று. ஒரு பெண்ணுக்குப் பதினொன்று ஐம்பத்தொன்பது. இருபத்திரண்டு பேருக்கும் சூரியன் பன்னிரண்டை ஒட்டியே உச்சிக்கு வந்திருந்தது. அவர்கள் அத்தனை பேரும் விடுதி அறையை விட்டு வெளியே வராமலே சூரியனைப் பார்த்திருந்தார்கள் என்பது நல்லபெருமாளுக்குத் தெரியாது.

அவர் கம்பியைப் பிடுங்கி மறுபடி நட்டார். பலகையை மாற்றினார். கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டார். பேச்சியம்மாளைக் கூப்பிட்டு நிழலைப் பார்க்கச் சொன்னார். அவளும் அதையே பார்த்தாள்.

பன்னிரண்டு முப்பத்து மூன்று.

நோட்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ரப்பரை எடுத்தார். மூன்று வாரக் கணக்கையும் அழித்தார். நிழல் உள்ளே வந்த நேரம் பதினொன்று இரண்டு என்று இருந்ததைப் பத்து இருபத்தொன்பது ஆக்கினார். வெளியே போன நேரம் இரண்டு நான்கு என்று இருந்ததை ஒன்று முப்பத்தொன்று ஆக்கினார். நடுவில் பன்னிரண்டு என்று எழுதினார். கணக்கு அழகாக வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஹெப்சிபா அவரை மட்டும் இருக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, உங்க கை ரொம்ப அழுத்தம்."

"கார்பன் வச்சு மூணு பிரதி எழுதின கை மேடம்."

ஹெப்சிபா நோட்டைத் திறந்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் சரிவாக விழுந்தது. பன்னிரண்டு என்று எழுதியிருந்த இடத்துக்கு அடியில், தாளில் பள்ளமாக, முப்பத்து மூன்று இருந்தது. அடுத்த தாளிலும் இருந்தது. அதற்கடுத்த தாளிலும் இருந்தது.

நல்லபெருமாளுக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

"முப்பத்தாறு வருஷத்துல ஒரு ரயிலுக்குக்கூட ஒரு நிமிஷம் மாத்தி எழுதினவன் இல்ல மேடம். முப்பத்து மூணு நிமிஷம் லேட்டுன்னா முப்பத்து மூணுன்னுதான் எழுதியிருக்கேன். மேல இருந்து போன்ல கத்தினாலும் அதான்."

"பிறகு சூரியனுக்கு மட்டும் ஏன் ரைட் டைம் போட்டீங்க?"

"ரயில் லேட்டா வரலாம். சூரியன் லேட்டா வருமா மேடம்? இருபத்திரண்டு பேருக்குப் பன்னெண்டுக்கு வந்தது, எனக்கு மட்டும் எப்படி முப்பத்து மூணுக்கு வரும்? என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் பாத்தது சரியா, தப்பா?"

ஹெப்சிபா கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். கொல்கத்தாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் அவருடைய தோழி தேன்மலர் எடுத்தாள்.

"தேனு, நீயும் உன் பிள்ளைகளுக்குக் கம்பி கொடுத்திருக்கியே. நேத்து உங்க ஊர்ல உச்சி எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு ஐம்பத்தொண்ணு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பிறகு பேசுறேன்."

நல்லபெருமாள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க கடிகாரம் சரியா ஓடுதா?" என்று கேட்டார்.

"உங்க கடிகாரமும் அதுவும் ஒரே நேரம்தான் காட்டும்."

"அங்க பதினொண்ணு ஐம்பத்தொண்ணு. இங்க பன்னெண்டு முப்பத்து மூணு." அவர் விரல் மேசைமேல் ஒரு கோடு இழுத்தது, கிழக்கிலிருந்து மேற்கே. "நாற்பத்திரண்டு நிமிஷம்."

"ம்."

"அங்க தாண்டி இங்க வர்ற ஓட்ட நேரம்." விரல் நின்றது. "கடிகாரம் நாடு முழுக்க ஒண்ணு. அதுக்காக ஒரே வண்டி எல்லா ஸ்டேஷனுக்கும் பன்னெண்டு மணிக்கா வந்து சேரும்? இது எனக்குத் தெரியாதா மேடம்? இதைத்தான காலம் பூரா செஞ்சேன்."

ஹெப்சிபா நோட்டை மூடி அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"நான் ஃபெயில்தானே?"

"விதி தெரியும்லா."

"தெரியும். மத்தப் பிள்ளைங்க?"

"அவங்க எதையும் அழிக்கல. பாத்திருந்தாத்தான அழிக்க. திங்கக்கிழமையில இருந்து முதல்ல தொடங்கச் சொல்லப்போறேன். பாக்காதவங்களுக்குப் பாக்கச் சொல்லிக் கொடுத்திருவேன் அண்ணாச்சி. பாத்துட்டு அழிச்சவருக்கு என்ன சொல்லிக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியல."

நல்லபெருமாள் நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் வகுப்பறைக் கதவு திறப்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டு வந்து நிற்பார் என்று ஹெப்சிபா நினைத்திருந்தால் அது நடக்கவில்லை. அவர் மொட்டைமாடியில் இருந்தார். நிழல் உள்ளே வர இன்னும் நேரம் இருந்தது. நோட்டை மடியில் வைத்து, சிவப்புப் பேனாவால், மூன்று வாரக் கணக்கில் ஒவ்வொரு பொய்யின் மேலும் ஒரு கோடு போட்டார். கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு. பக்கத்தில், தாளில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்துப் பழைய எண்ணை எழுதினார். ஒவ்வொன்றின் அருகிலும் கையெழுத்துப் போட்டுத் தேதி வைத்தார். ஸ்டேஷன் பதிவேட்டில் தப்பு வந்தால் இப்படித்தான் திருத்துவார்கள். ரப்பர் அங்கே கிடையாது.

கடைசியில் ஒரு வரி எழுதினார். 'மேற்படி நேரங்கள் என்னால் பொய்யாக எழுதப்பட்டவை. காரணம்: மற்றவர்களோடு ஒத்துப்போக.'

பிறகு எழுந்து நிழலுக்குக் காத்து நின்றார்.

வகுப்பில் பதினான்கு பேர் படிப்பையே விட்டுவிட்டார்கள். மறுபடி வெயிலில் நிற்க யாரால் முடியும். நல்லபெருமாள் போக மிச்சம் எட்டுப் பேர் கம்பி நட்டார்கள். அவர்களுக்கும் பன்னிரண்டில் உச்சி வரவில்லை. அவர்கள் நல்லபெருமாளை 'அண்ணாச்சி, என்ன நேரம்?' என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் சொல்லமாட்டார்.

"உங்க ஸ்டேஷன் நேரத்தை நீங்க எழுதுங்க" என்பார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. முப்பத்து மூன்றில் நின்றிருந்த உச்சி நகரத் தொடங்கியது. முப்பத்தொன்று. இருபத்தெட்டு. இருபத்தைந்து.

நல்லபெருமாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார்.

"ஊர் அதே ஊர். கம்பி அதே கம்பி. வண்டி ஏன் மேடம் நாளுக்கு நாள் முந்துது?"

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"அப்ப சரி. காரணம் பத்தாவது பாடத்துல வருது."

"இது எத்தனாவது?"

"ஏழு."

அவர் மூன்று பாடம் காத்திருந்தார். பூமி சாய்ந்து சுற்றுவதையும், சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததையும் பத்தாவது பாடத்தில் கேட்டபோது, தலையை மட்டும் ஆட்டினார். விசாரணை அறிக்கை வந்துசேர்ந்தது மாதிரி இருந்தது அவருக்கு. சம்பவம் ஏற்கனவே நோட்டில் இருந்தது.

சித்திரைப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்பு அந்த ஊரில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். செங்குத்தான கம்பிக்கு ஒரு கணம் நிழலே இருக்காது. பல்கலைக்கழகம் அதை ஒரு விழாவாக வைத்தது. 'நிழலில்லா நேரம், நண்பகல் 12 மணி' என்று அலுவலகத்தில் அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள். ஹெப்சிபா அதைப் பார்த்தார், சும்மா இருந்தார். சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருக்கிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு.

மைதானத்தில் ஆளுயரக் கம்பி நட்டிருந்தார்கள். துணைவேந்தர் வந்தார். பின்னால் பதிவாளர், துறைத் தலைவர்கள், இருநூறு மாணவர்கள். எல்லோர் கையிலும் கைப்பேசி தயாராக இருந்தது.

பன்னிரண்டு மணி ஆனது.

கம்பியின் அடியில் ஒரு சாண் நிழல் அப்படியே கிடந்தது.

துணைவேந்தர் குனிந்து பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கம்பி சாய்ந்திருக்கிறது என்றார் பதிவாளர். நாள் தப்பு என்றார் இன்னொருவர். பின்வரிசையில் கைப்பேசிகள் பைக்குள் போகத் தொடங்கின.

"எனக்குப் பன்னெண்டேகாலுக்கு ஒரு கூட்டம் இருக்கு" என்றார் துணைவேந்தர். "என்னம்மா ஹெப்சிபா, நிழல் போகுமா போகாதா?"

ஹெப்சிபா தன் வகுப்பு நின்ற பக்கம் திரும்பினார். எட்டுப் பேருக்கும் பதில் தெரியும். துணைவேந்தர் முன்னால் வாயைத் திறக்கத்தான் ஒருவருக்கும் தைரியம் இல்லை. பல்கலைக்கழகமே பன்னிரண்டு என்று அச்சடித்த பிறகு யார் மறுப்பது.

நல்லபெருமாள் முன்னால் வந்தார்.

"போகும் சார். பன்னெண்டு இருபதுக்கு."

"அழைப்பிதழ்ல பன்னெண்டுன்னு போட்டிருக்கே?"

"அது தப்பு சார்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். துணைவேந்தர் சிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"இந்தப் பாடத்துல படிக்கிற மாணவன்."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

நல்லபெருமாள் கையிலிருந்த நோட்டை நீட்டினார். துணைவேந்தர் புரட்டினார். நாள்தோறும் மூன்று எண்கள். முந்தின நாள் பன்னிரண்டு இருபது. அதற்கு முந்தின நாளும் பன்னிரண்டு இருபது. பின்னால் புரட்டிக்கொண்டே போனவர் முதல் பக்கங்களில் நின்றார்.

"இங்க மட்டும் என்ன இத்தனை சிவப்புக் கோடு?"

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லபெருமாள் ரயில் வரும்போது பிளாட்பாரத்தில் நிற்பதுபோல் நேராக நின்றார்.

"அது நான் பொய் எழுதின இடம் சார். மிச்சமெல்லாம் பாத்தது."

துணைவேந்தர் நோட்டை மூடிக் கொடுத்தார். பதிவாளரிடம் திரும்பி, பன்னிரண்டேகால் கூட்டத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

பன்னிரண்டு பத்துக்கு நிழல் பாதியாகியிருந்தது. பன்னிரண்டு பதினைந்துக்கு மூன்று விரல் அகலம். பின்வரிசைக்காரர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். எல்லோரும் நிழலைப் பார்க்க, நல்லபெருமாள் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபதுக்கு அவர் கையை உயர்த்தினார்.

கம்பியின் அடியில் ஒன்றும் இல்லை.

எட்டுப் பேர் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

துணைவேந்தருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இவருக்கு என்ன மார்க் போடப் போறீங்க?" என்று ஹெப்சிபாவைக் கேட்டார்.

"இவர் தேற மாட்டார் சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"அழிச்சிருக்காரு. முதல் வகுப்புலயே விதி சொல்லிட்டேன்."

"இதுக்குப் பிறகுமா? ஒரு விதிவிலக்கு கொடுக்கலாமே. நான் கையெழுத்துப் போடுறேன்."

ஹெப்சிபா வாய் திறப்பதற்குள் நல்லபெருமாள் சொன்னார். "வேண்டாம் சார். விதி எனக்குத் தெரிஞ்சுதான் அழிச்சேன்."

மே மாதம் எட்டுப் பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். நல்லபெருமாள் விழாவுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் கைதட்டினார். அவருக்கு வருத்தம் இருந்தது. இல்லாமல் இருக்குமா. வீட்டுக்கு வந்து வெறும் சட்டத்தைத் துடைத்து அதே ஆணியில் மாட்டினார்.

"இதைக் கழட்டிரவா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"இருக்கட்டும். வண்டி ஒரு வருஷம் லேட்டு" என்றார்.

அடுத்த தை மாதம் புது வகுப்பு தொடங்கியது. முப்பத்தொரு பேர். கடைசி பெஞ்சில் நல்லபெருமாள், புது நோட்டோடு.

ஹெப்சிபா பலகையையும் கம்பியையும் கொடுத்தார். விதியைச் சொன்னார். பிறகு மேசைமேல் பழைய நோட்டு ஒன்றை வைத்தார்.

"நோட்டு எப்படி எழுதணும்னு கேட்டா, இப்படி எழுதணும். எல்லாரும் ஒரு தடவை பாருங்க."

நோட்டு கை மாறி கை போனது. முன்வரிசைப் பெண் ஒருத்தி முதல் பக்கங்களிலேயே நின்றுவிட்டாள். சிவப்புக் கோடுகளுக்குக் கீழே இருந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். அந்தப் பெயருக்கு உரியவர் தனக்கு நாலு பெஞ்சு பின்னால் பென்சில் சீவிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

"மேடம், இவங்க பாஸ் பண்ணிட்டாங்களா?"

"இல்ல. ஃபெயில்."

"ஃபெயில் ஆனவங்க நோட்டைப் பார்த்தா நாங்க எழுதணும்?"

"ஆமா."

அந்தப் பெண் விடுவதாக இல்லை.

"இதுல பொய் இருக்கு மேடம்."

கடைசி பெஞ்சில் பென்சில் சீவுவது நின்றது.

"இருக்கு" என்றார் ஹெப்சிபா. "எங்கெங்க இருக்குன்னு அதுலயே எழுதியிருக்கு."